ஊட்டியில் ஆர்ப்பாட்டம், பந்தலூரிலிருந்து முழக்கம்: மாற்றுத்திறனாளிகள் வீட்டிலிருந்தே பங்கேற்பது எப்படி?

பந்தலூரிலிருந்து கூடலூர், நடுவட்டம் வழியாக ஊட்டிக்கு எழுபது கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதை. பஸ் படியில் சக்கர நாற்காலி ஏறாது. உதவித்தொகையை உயர்த்தக் கேட்டு ஊட்டி நகரின் ஏ.டி.சி. என்ற இடத்தருகே ஆர்ப்பாட்டம் நடந்தால், அதை வாங்குகிறவர்களிலேயே பலர் வர முடிவதில்லை. லைவ் போட்டுவிட்டு "பாருங்கள்" என்பது பங்கேற்பு ஆகாது. வீட்டில் இருப்பவரின் குரல் திடலில் கேட்க வேண்டும், பெயர் மனுவில் ஏற வேண்டும்.

முதல் தேவை ஆள். வீட்டிலிருந்து சேரும் ஐந்து பேருக்கு ஒரு தொடர்பாளர் என்று திடலில் நிறுத்துங்கள். அவர் கையில் கொடியோ தட்டியோ வேண்டாம், போன் மட்டும் இருக்கட்டும். முதல் நாள் மாலையே ஐவரையும் அழைத்து, வீட்டில் எந்த மூலையில் டவர் கிடைக்கிறது என்று கேட்டு, அங்கேயே உட்காரச் சொல்லிப் பேசிப் பார்க்க வேண்டும். எஸ்டேட் லைன் வீடுகளில் வாசலில் கிடைக்கும் சிக்னல் உள்ளறையில் இருக்காது.

வீடியோவை மட்டும் நம்பாதீர்கள். இலவச ஜூம் 40 நிமிடத்தில் அறுந்துவிடும். இலவச கூகுள் மீட், மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் 60 நிமிடம். வாட்ஸ்அப் வீடியோ அழைப்பில் 32 பேர்தான் சேரலாம். இரண்டாவது லிங்க்கை முன்கூட்டியே அனுப்பி வையுங்கள். டவர் குறைந்தவர்களுக்குச் சாதாரண போன் கால் போதும், சொல்லப்போனால் அதுதான் நம்பகமானது.

பலரும் தடுமாறுவது ஒலியில்தான். போனின் ஸ்பீக்கரை மைக்குக்கு நேரே பிடித்தால் கீச்சென்று ஊளையிடும். ஒலிபெருக்கியின் சத்தம் திரும்ப மைக்குக்குள் போவதே காரணம். மைக் செட்காரரிடம் 3.5 மி.மீ. ஆக்ஸ் கேபிள் கேட்டு, போனை நேரடியாக ஆம்ப்ளிஃபயரில் இணையுங்கள். புதிய போன்கள் பலவற்றில் அந்தத் துளை இல்லை, டைப்-சி மாற்றி ஒன்று கையில் இருக்கட்டும். வீட்டிலிருப்பவர் பேசும்போது திடல் போனை மியூட்டில் வையுங்கள். இல்லையென்றால் அவர் குரலே சற்றுத் தாமதமாக அவர் காதுக்கே திரும்பி வந்து, பேச்சு குழறிப்போகும்.

முழக்கத்தை எல்லோரும் ஒரே நேரத்தில் போனில் போட்டால் ஒருவர் குரலைக்கூடத் தெளிவாகக் கேட்க முடியாது. இந்தச் செயலிகள் ஒரு குரலை முன்னிறுத்தி மற்றதை இரைச்சல் என்று வெட்டிவிடும். அதனால் ஒவ்வொருவரும் பத்து நொடி முழக்கத்தை முந்தைய நாளே வாட்ஸ்அப்பில் பதிவு செய்து அனுப்பட்டும். பெயரும் ஊரும் சொல்லித் தொடங்கட்டும்: "சேரம்பாடியிலிருந்து..." அவற்றை வரிசையாக ஒலிக்கவிட்டு, திடலில் நிற்பவர்கள் பதில் முழக்கம் போடுங்கள். நேரலையில் பேச விரும்புபவர் முழக்கங்கள் முடிந்ததும் தனியாக லைனில் வரலாம். ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலமான அனுமதி வேண்டும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் அப்படிச் சொல்கின்றன.

பார்வையற்றவர்கள் கட்டாயம் இயர்போன் போட வேண்டும். இல்லையென்றால் போன் திரையில் இருப்பதை டாக்பேக் செயலி வாசிப்பதும் ஒலிபெருக்கியில் போய்விடும். திடலில் என்ன தெரிகிறது என்பதைத் தொடர்பாளர் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்: எத்தனை பேர், தட்டியில் என்ன எழுதியிருக்கிறது, போலீஸ் எங்கே நிற்கிறது.

சைகை மொழியில் பேசுபவர் ஜன்னலைப் பார்த்து உட்காரட்டும். வெளிச்சம் முதுகுப்பக்கம் இருந்தால் கைகள் நிழலாகிவிடும். டவர் விட்டுவிட்டு வரும் வீட்டில் படம் உறைந்து பாதிச் சொல் விழுங்கப்படும். ஒரு நிமிட வீடியோவை முன்பே வாங்கி, சைகை மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு திடலில் குரல் கொடுக்கச் செய்யுங்கள். திடல் பேச்சு அவர்களுக்குப் போக, மொழிபெயர்ப்பாளர் கேமராவுக்கு இரண்டு மீட்டருக்குள் நிற்க வேண்டும், தள்ளி நின்றால் மூடுபனியில் விரல்கள் தெளிவாகத் தெரியாமல் போகலாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சுருக்கத்தை டைப் செய்தும் அனுப்புங்கள். பேச்சு வராதவர் எழுதி அனுப்பியதைத் திருத்தாமல், அவர் வார்த்தையிலேயே படியுங்கள்.

நேரம் காலை பத்திலிருந்து பன்னிரண்டு. மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கலாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர், பந்தலூர் பக்கம் மழையில் கரண்ட் போனால் டவரும் சில மணி நேரத்தில் படுத்துவிடும். முழக்கப் பதிவுகள் கையில் இருந்தால் அன்றும் அவர்கள் குரல் கேட்கும். குளிரில் போன் சார்ஜ் வேகமாக இறங்கும், 10,000 மில்லிஆம்ப்-ஹவர் (mAh) பவர் பேங்க்கை ஸ்வெட்டருக்குள் வையுங்கள். காற்று இரைச்சலுக்கு மைக்கில் பஞ்சு உறை.

மனுப் படிவத்தை ஒரு வாரம் முன்பே வீட்டுக்கு அனுப்பிக் கையெழுத்து வாங்குங்கள். கைநாட்டு என்றால் பக்கத்தில் சாட்சியின் கையெழுத்தும் வேண்டும். அடையாள அட்டையைக் கேமராவில் காட்ட வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் எல்லோர் எண்ணும் எல்லோருக்கும் தெரியும், அதற்குப் பதில் பிராட்காஸ்ட் பட்டியல் போடுங்கள். முகம் தெரியலாமா என்று சம்பந்தப்பட்டவரிடமே கேளுங்கள், வீட்டாரின் சம்மதம் மட்டும் போதாது.

கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவைக் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அன்று மாலையே அதன் படத்தை ஒவ்வொருவருக்கும் அனுப்புங்கள். பார்வையற்றவர்களுக்கு மனு எண்ணைக் குரல் பதிவாக, இலக்கம் இலக்கமாகச் சொல்லி.