இறுகிய முதுகெலும்பு முறிந்தால்: அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதம் தரும் முன் குடும்பத்தார் அறிய வேண்டியவை

அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் பல ஆண்டுகளாக உள்ள ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்தாலோ, நாற்காலியில் உட்காரப் போய்ச் சறுக்கினாலோ, "லேசான அடிதான்" என்று விட்டுவிடக் கூடாது. இந்நோயில் முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் உள்ள வட்டுகளின் விளிம்புகளும் முள்ளெலும்புகளைப் பிணைக்கும் நார்களும் மெல்ல எலும்பாக மாறுவதால், வளைந்து கொடுக்க வேண்டிய முதுகெலும்பு நாளடைவில் ஒரே தண்டாக இறுகி, எக்ஸ்ரேயில் கணுக்கள் கொண்ட மூங்கிலைப் போலத் தெரியும். வெளியே இறுகிய அதே எலும்பு உள்ளே புரையோடி வலுவிழந்தும் இருக்கும். சாதாரண முதுகில் வட்டுகள் வாங்கிக்கொள்ளும் அதிர்ச்சியை இங்கே வாங்கிக்கொள்ள எதுவும் இல்லாததால், முறிவு முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை குறுக்காக முழுவதும் பிளந்துவிடுகிறது. அதன் பிறகு மேலும் கீழும் உள்ள நீண்ட எலும்புத் தண்டுகள் நெம்புகோல்களாக இயங்குவதால், சிறு அசைவுகூட நடுவிலுள்ள தண்டுவடத்தை நசுக்கக்கூடும். கழுத்தின் கீழ்ப்பகுதியான சி5 முதல் சி7 வரையிலான (ஐந்தாவது முதல் ஏழாவது கழுத்து முள்ளெலும்பு வரை) இடத்தில்தான் இம்முறிவு அதிகம் ஏற்படுகிறது.

அறுவைச் சிகிச்சையின் ஆபத்து என்றதும் எல்லோரும் அறுவை அரங்கை நினைக்கிறார்கள். ஆனால் நோயாளி அரங்குக்குள் எந்த நிலையில் போய்ச் சேருகிறார் என்பதே முடிவைப் பெரிதும் தீர்மானிக்கிறது. ஆகவே இந்த வழிகாட்டி அவர் விழுந்த நொடியிலிருந்து தொடங்குகிறது.

விழுந்தவுடன் செய்ய வேண்டியது

இந்நோயாளிகளுக்கு வலி பழகிப்போன ஒன்று என்பதால், புதிய வலியையும் பழைய வலியின் தொடர்ச்சி என்றே அவர்களும் வீட்டாரும் நினைத்து நாட்களைக் கடத்திவிடுகிறார்கள். விழுந்த பிறகு வலியின் இடமோ தன்மையோ மாறியிருந்தால், அசையும்போது மட்டும் குத்தினால், கைகால்களில் மரப்போ பலவீனமோ தோன்றினால், சிறுநீர் கழிக்க முடியாமல் போனால், முறிவு இல்லை என்று உறுதியாகும் வரை முறிவு இருப்பதாகவே கொள்ள வேண்டும். எளிதில் ஏமாற்றும் அறிகுறி இன்னொன்று உண்டு. பல ஆண்டுகளாகக் குனிந்தே நடந்தவர் விழுந்தபின் திடீரென்று நிமிர்ந்து எதிரே பார்க்க முடிகிறது என்றால், அது நல்ல செய்தி அல்ல. இறுகியிருந்த எலும்பு எங்கோ விட்டுப்போயிருக்கிறது என்று பொருள்.

தூக்குவதிலும் படுக்க வைப்பதிலும்தான் மிகுந்த கவனம் தேவை. முதலுதவி வகுப்புகளில் கழுத்தை நேராக்கி, தட்டையான பலகையில் கிடத்தி, கெட்டியான காலர் மாட்டுமாறு கற்பிக்கிறார்கள். கூன் விழுந்த முதுகுடையவரை அப்படிக் கிடத்தினால் தலை பின்னோக்கிச் சாய்ந்து, முறிவு முன்பக்கமாக வாய் பிளந்து, அதுவரை நன்றாக இருந்த கைகால்கள் செயலிழந்துவிடலாம். விழுவதற்கு முன் அவருடைய தலையும் கழுத்தும் எந்தக் கோணத்தில் இருந்தனவோ, அதே கோணத்தில் தாங்கிப் பிடிப்பதே சரியான முறையாகும். தலைக்கும் தரைக்கும் இடையே உள்ள இடைவெளியைத் தலையணை, மடித்த போர்வை, துண்டு என்று கிடைப்பதைக் கொண்டு நிரப்பி, இருபுறமும் முட்டுக் கொடுங்கள். ஆம்புலன்ஸை அழைக்கும்போதே (தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990) நோயின் பெயரைச் சொல்லி, "கழுத்தை நிமிர்த்த வேண்டாம்" என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கு முன்கூட்டியே ஓர் ஏற்பாடு செய்து வைக்கலாம். நோயாளியைக் குதிகாலும் முதுகும் சுவரில் படும்படி நிற்க வைத்து, பின்மண்டைக்கும் சுவருக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து, பக்கவாட்டில் ஒரு புகைப்படம் எடுத்துக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். படுக்க வைக்கும்போது தலைக்குக் கீழே எவ்வளவு உயரம் தேவை என்பதை அந்தப் படம் அவசரப் பிரிவு மருத்துவருக்கு உடனே உணர்த்திவிடும்.

எந்த ஸ்கேன் கேட்க வேண்டும்

எக்ஸ்ரே மட்டும் எடுத்து "ஒன்றுமில்லை" என்று அனுப்பினால் அதை ஏற்க வேண்டாம். கழுத்தின் அடிப்பகுதியைத் தோள்கள் மறைத்துவிடுகின்றன; புரையோடிய எலும்பில் மெல்லிய பிளவு தெரிவதுமில்லை. முதுகெலும்பு முழுவதற்கும் சிடி ஸ்கேன் தேவை, ஏனெனில் ஓரிடத்தில் முறிந்தவருக்கு வேறோரிடத்திலும் முறிந்திருக்கக்கூடும். தண்டுவடம் நசுங்கியுள்ளதா, அதைச் சுற்றி ரத்தம் தேங்கியுள்ளதா என்பதை எம்ஆர்ஐ காட்டும். இத்தேக்கம் இந்நோயாளிகளிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. முதலில் நடந்தே வந்தவரும் சில மணி நேரம் கழித்துக் கால் இழுத்துக்கொண்டு போவதற்கு இதுவும் ஒரு காரணம். ஸ்கேன் மேசைக்கு மாற்றும்போதும் அதே தலையணை முட்டுகள் உடன் செல்ல வேண்டும்.

அறுவையா, அசைவின்றி வைப்பதா

முறிவு நிலையற்றதாக இருப்பதால் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சையே பரிந்துரைக்கப்படும். அதன் ஆபத்தை மறைக்க வேண்டியதில்லை. 2009-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, இந்நோயோடு முதுகெலும்பு முறிந்த 345 பேரின் விவரங்களை ஆராய்ந்தது. அவர்களில் 67 சதவீதத்தினருக்கு மருத்துவமனையில் சேரும்போதே நரம்புப் பாதிப்பு இருந்தது. ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சிக்கல்கள் நேர்ந்தன. மூன்று மாதங்களுக்குள் 17.7 சதவீதத்தினர் இறந்தனர். இந்த எண்கள் அறுவை செய்தவர், செய்யாதவர் இருசாராரையும் சேர்த்தவை என்பதை மறக்கக் கூடாது. அறுவையைத் தவிர்த்துவிட்டால் ஆபத்தும் நீங்கிவிடும் என்று எண்ணுவது தவறு. வாரக்கணக்கில் படுத்திருப்பவருக்கு நிமோனியா, படுக்கைப் புண், கால் சிரைகளில் ரத்தக்கட்டு ஆகியவை வரும். முறிவு சேராமல் நின்று, பின்னாளில் அங்கே மூட்டைப்போல் அசையும் பொய்மூட்டு உருவாகவும் கூடும். நரம்புப் பாதிப்பு இல்லாமல், எலும்பு விலகாமல், வேறு கடுமையான உடல்நலக் குறைகளால் அறுவையைத் தாங்க முடியாதவருக்கே பிடிப்புக் கவசம் பொருத்திக் காத்திருப்பது பொருந்தும். அப்போதும் நெருக்கமான கண்காணிப்பு வேண்டும்.

அரங்குக்குள் உள்ள ஆபத்துகளும் கேட்க வேண்டிய கேள்விகளும்

முதல் ஆபத்து மயக்க மருந்தோடு தொடங்குகிறது. செயற்கைச் சுவாசக் குழாயைச் செலுத்த வழக்கமாகக் கழுத்தைப் பின்னோக்கிச் சாய்ப்பார்கள். இறுகி, அதன் மேல் முறிந்தும் உள்ள கழுத்தில் அது முடியாது, முயலவும் கூடாது. தாடை மூட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் வாய் முழுதாகத் திறக்காது. தாடை நெஞ்சில் படிந்திருப்பவருக்கு, அவசரத்தில் தொண்டையில் துளையிடுவதும் கடினம். ஆகவே நோயாளி விழித்திருக்கும்போதே வளையும் உள்நோக்கிக் கருவியின் உதவியோடு குழாய் செலுத்தும் வசதியும் அதில் பழகிய மயக்கவியல் மருத்துவரும் அங்கே இருக்கிறார்களா என்று கேளுங்கள். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால், இதைத்தான் கேட்பேன்.

அடுத்தது நோயாளியைக் குப்புறக் கவிழ்ப்பது. மேசையின் தாங்கிகள் அவருடைய கூனுக்கு ஏற்ப அமைக்கப்படாவிட்டால் கவிழ்க்கும் அந்தச் சில நொடிகளிலேயே முறிவு விலகிவிடும். கவிழ்த்தபின் எக்ஸ்ரேயில் சரிபார்ப்பார்களா, தண்டுவடத்தின் இயக்கத்தை அறுவை முழுவதும் கருவியால் கண்காணிப்பார்களா என்றும் தெரிந்துகொள்ளுங்கள். வயிறு அழுந்தினால் முதுகெலும்புச் சிரைகளில் அழுத்தம் கூடி ரத்தப்போக்கு அதிகமாகும்; இந்த எலும்பே அதிகம் கசியக்கூடியது. போதிய ரத்தம் ரத்த வங்கியில் ஒதுக்கப்பட்டுள்ளதா என்பதை முந்தைய நாளே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

பொருத்தும் திருகுகளும் கம்பிகளும் ஏன் இவ்வளவு நீளம் என்று குடும்பத்தார் திகைப்பதுண்டு. மென்மையான எலும்பில் குட்டையான பொருத்தம் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும் என்பதால், பொதுவாக முறிவுக்கு மேலே மூன்று, கீழே மூன்று முள்ளெலும்புகள் வரையாவது பின்பக்கமாகப் பிணைக்கிறார்கள். அந்த எலும்புகள் ஏற்கெனவே இறுகியவை ஆதலால், நீண்ட பிணைப்பால் புதிதாக இழக்கும் அசைவு மிகக் குறைவே. முன்பக்கத் தகடு மட்டும் போதும் என்று சொன்னால், இன்னொரு முதுகெலும்பு நிபுணரிடமும் கருத்துக் கேட்பது நல்லது. மார்புக்குப் பின்னும் கீழ்முதுகிலும் உள்ள முதுகெலும்பு முறிவுகளில் சிறு துளைகள் வழியே திருகு பொருத்தும் முறை ஏற்றதாக அமைந்தால் ரத்தப்போக்கும் தொற்றும் குறையும்.

மருந்துகளை ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். அடாலிமுமாப், எட்டானர்செப்ட், இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற ஊசிகள் நோயெதிர்ப்பைக் குறைப்பதால் புண்ணில் தொற்று ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது. திட்டமிட்ட அறுவை என்றால் ஊசியின் இடைவெளியைக் கணக்கிட்டு நாள் குறிப்பார்கள், முறிவில் அதற்கு அவகாசம் இருக்காது. கடைசி ஊசி போட்ட தேதியை எழுதிக் கொடுங்கள். நாப்ராக்ஸன், இண்டோமெதாசின் போன்ற வலி மாத்திரைகள் ரத்தப்போக்கைக் கூட்டக்கூடும். நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தவர் அதைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. இதய வால்வுக் கசிவும் இதயத்தின் மின்கடத்தல் தடையும் இந்நோயில் வருவதால் ஈசிஜியும் எக்கோவும் (இதய அல்ட்ராசவுண்ட்) பார்க்கப்படும்.

அறுவைக்குப் பின்

விலா எலும்பு மூட்டுகளும் இறுகியிருப்பதால் இவர்களின் மார்புக் கூடு விரிவதில்லை. உதரவிதானத்தை நம்பியே மூச்சு விடுகிறார்கள். வலியால் இருமலும் அடங்கிவிட்டால் சளி தேங்கி நிமோனியா வந்துவிடும், உயிரிழப்புகளுக்கு முக்கியக் காரணங்களில் அதுவும் ஒன்று. எனவே ஐசியுவில் சில நாட்கள் வைப்பதையும், வென்டிலேட்டர் தேவைப்படலாம் என்பதையும் முன்கூட்டியே எதிர்பார்த்திருங்கள். மூச்சுப் பயிற்சியை எப்போது தொடங்குவது என்று இயன்முறை மருத்துவரைக் கேட்டு, நோயாளியைத் தூண்டிக்கொண்டே இருங்கள். கைகால் பலத்தில் சிறு குறைவு தெரிந்தாலும் காலை ரவுண்ட்ஸ் வரை காத்திராமல் உடனே சொல்ல வேண்டும்.

நிறுத்திய ஊசியை, தையல் பிரித்து, புண் ஆறி, தொற்று இல்லை என்று மூட்டுவாத மருத்துவர் உறுதிசெய்த பிறகே மீண்டும் தொடங்குவார்கள்; இதற்குப் பெரும்பாலும் இரண்டு வாரங்களாவது ஆகும். எலும்பின் வலுவை அளக்கும் டெக்ஸா பரிசோதனையை முதுகில் மட்டும் செய்தால், புதிதாக வளர்ந்த எலும்பும் சேர்ந்து கணக்கில் வந்து முடிவு நன்றாக இருப்பதாகக் காட்டிவிடும். இடுப்பு மூட்டிலும் அளக்கச் சொல்லுங்கள். மாதங்கள் கழித்துப் புதிதாக வலி கிளம்பினால், திருகு தளர்ந்ததா, முறிவு சேரவில்லையா என்பதைச் சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.