குதிக்கால் நோவை நடந்து தீர்க்கப் பார்க்காதீர்கள்

யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடற்கரைப் பக்கம் விடிய நடக்க வருகிறவர்களில் புதிதாகச் சேர்ந்தவர்களைத் தூரத்திலேயே தெரியும். மோட்டார் சைக்கிளால் இறங்கி முதல் பத்தடி கெந்துவார்கள். பிறகு முகம் தெளிந்து, மண்டைதீவை நோக்கிக் கை வீசிப் போவார்கள். பார்க்க எனக்கு எரிச்சல்தான் வரும். அதே கூத்தை ஆடியவன் நானும். அதுவும் இயன்மருத்துவம் (பிசியோதெரபி) படித்து முடித்த கையோடு.

உடம்புப் பாரத்தைக் குறை, குதி உயர்ந்த செருப்பைப் போடாதே என்பதெல்லாம் தெரிந்த கதை. அதை விடுவோம்.

"நடந்தால் விட்டிடுது"

என் ஒன்பது மாதத்தைத் தின்ற பிழை இது. காலமை கட்டிலால் இறங்கினால் குதிக்காலுக்குள் ஆணி அடித்தது மாதிரி இருக்கும். சுவரைப் பிடித்துப் பிடித்துக் கிணற்றடிக்குப் போய்ச் சேர நோ பாதியாகிவிடும். பல்லுத் தீட்டி முடிய ஒன்றுமே இராது. சரி, நடைதான் மருந்து என்று நானே தீர்மானித்து, இரண்டு கிலோமீற்றரை ஐந்தாக்கினேன். அந்த வருடம் நல்லூர்த் திருவிழா 25 நாளும் வெறுங்காலோடு வேறு. தேரன்று குதியை ஊன்ற முடியாமல், முன்பாதத்தாலேயே வீடு வந்து சேர்ந்தேன்.

குதி எலும்பிலிருந்து விரலடி வரை உள்ளங்காலில் ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. பாதத்தின் வளைவைத் தாங்குவதில் அதற்குப் பெரும் பங்கு. நித்திரையில் பாதம் கீழே சாய்ந்திருக்க, பட்டை சுருங்கிக் கிடக்கும். எழும்பி ஊன்றியதும் சட்டென்று இழுபடும். அதுதான் அந்த ஆணி. பத்தடி நடக்க இளகும். இளகியதே தவிர ஆறவில்லை. நோ தெரியாத அந்த நேரத்தில் ஏற்றிய பாரத்துக்கு மறுநாள் காலமைதான் கணக்கு வரும்.

ஆகவே நடந்து முடிந்ததும் எப்படி இருக்கிறது என்று பார்க்காதீர்கள். அடுத்த நாள் முதல் அடியைப் பாருங்கள். நேற்றையதைவிட நோ கூடவா? அப்படியென்றால் நடை கூடிப்போயிற்று. பாதியாக்குங்கள், மிச்சத்துக்குச் சைக்கிள் ஓடுங்கள். ஒரேயடியாகப் படுத்துக் கிடப்பதும் உதவாது.

கட்டிலால் இறங்க முதலே கால்மேல் கால் போட்டு, விரல்களைக் கையால் மேல்நோக்கி வளைத்துப் பத்து எண்ணுங்கள். இப்படிப் பத்துத் தடவை. பின்னேரம் வாசற்படி விளிம்பில், விரல்களுக்கு அடியில் சுருட்டிய துவாயை வைத்து நின்று, மூன்று எண்ணக் குதியை உயர்த்தி, இரண்டு எண்ண நிறுத்தி, மூன்று எண்ண இறக்குங்கள். இது ஒன்றுவிட்ட ஒரு நாள் போதும். ஆனால் மாதக் கணக்கில் செய்ய வேண்டும். ஒரு கிழமையில் கைவிட்டுவிட்டு "உது சரிவராது" என்று வந்து நிற்பவர்களை என்ன செய்வது!

எக்ஸ்றேயில் முள்

"முள்ளு வளந்திருக்காம் தம்பி, வெட்டவேணுமோ?" என்று ஓர் அன்ரி படத்தோடு வந்தார். முள் என்பது குதி எலும்பில் வளரும் ஒரு சின்னத் துருத்தல். நோவே இல்லாத எத்தனையோ பேருடைய குதியிலும் அது இருக்கிறது. அவருக்கு வெட்டாமலே சுகம் வந்தது.

ஊசி

குதியில் போடும் ஸ்டீரொயிட் ஊசி சில கிழமை சுகம் தரும். அந்தத் துணிவில் ஓடப் போனால் பட்டை அறுந்தாலும் அறும்.

சலரோகத்தோடு சுடுதண்ணீர்

கூடவே கூடாது. சலரோகத்தில் கால் விறைத்துப்போகலாம். விறைத்த காலுக்குச் சூடு தெரியாது. கொப்புளம் போட்ட பிறகுதான் கண்ணில் படும்.

வீக்கம், காய்ச்சல், விழுந்த பிறகு வந்த நோ, இரவிலும் விடாத நோ

இது வேறு சங்கதி. டொக்டரிடம் போங்கள்.

வீட்டுக்குள் வெறுங்கால்

கோயிலுக்குச் செருப்போடு போகச் சொல்லவில்லை. வீட்டில் மாபிள் தரையில் நாள் முழுக்க நின்று சமைக்கிறவர்களைத்தான் சொல்கிறேன். அம்மாமார் இதற்குத்தான் சண்டைக்கு வருவார்கள். கழுவி வைத்த, மெத்தென்ற ஒரு சோடியை வீட்டுக்கென்றே தனியாக வையுங்கள். சாமியறை வாசலில் கழற்றிவிட்டால் சரி.