கூட்டமாக வரும் ட்ரோன்களையும் ஏவுகணைகளையும் போர்க்கப்பல் எதிர்கொள்ளும் முறை

முதலில் கணக்கிட வேண்டியது நேரத்தை. பூமி வளைந்திருப்பதால், 25 மீட்டர் உயரத்தில் ரேடார் பொருத்திய கப்பலுக்கு, அலைகளை உரசியபடி 4 மீட்டர் உயரத்தில் வரும் ஏவுகணை ஏறத்தாழ 29 கிலோமீட்டர் தொலைவில்தான் தென்படும். ஒலியின் வேகத்துக்குச் சற்றே குறைவாகப் பறக்கும் அது ஒன்றரை நிமிடத்தில் கப்பலை அடைந்துவிடும். எனவே ரேடார் ஏந்திய விமானமோ ஹெலிகாப்டரோ முன்கூட்டியே மேலே இருக்க வேண்டும்.

அடுத்தது, எதை எதனால் வீழ்த்துவது என்ற பங்கீடு. 2023 அக்டோபர் 19 அன்று அமெரிக்காவின் கார்னி என்னும் நாசகாரிக் கப்பல் செங்கடலில் சுமார் 10 மணி நேரம் ட்ரோன்களையும் ஏவுகணைகளையும் சுட்டு வீழ்த்தியது. அவ்வகைக் கப்பலில் ஏவுகணைகளை வைத்து ஏவும் குழாய்கள் நூற்றுக்கும் குறைவு. தீர்ந்தால் நிரப்புவதற்குப் பெரும்பாலும் துறைமுகத்துக்கே திரும்ப வேண்டும். சில பத்தாயிரம் டாலர் பெறுமான ட்ரோன் மீது சுமார் 20 லட்சம் டாலர் ஏவுகணையைச் செலவிடுவதில் பணத்தைவிட அந்தக் குழாய் காலியாவதே பெரிய இழப்பு என்பேன். ஆகவே வேகமாக வரும் ஏவுகணைகளைத் தொலைவிலேயே ஏவுகணையால் தடுத்து, மெதுவாக வரும் ட்ரோன்களைப் பீரங்கி எட்டும் தூரம்வரை வரவிடலாம். பிரெஞ்சு ஃபிரிகேட் வகைப் போர்க்கப்பல்கள் 76 மில்லிமீட்டர் பீரங்கியால் அப்படி ட்ரோன்களை வீழ்த்தியுள்ளன. ஆனால் பல ட்ரோன்கள் பல திசைகளிலிருந்து ஒரே நொடியில் நெருங்கினால் ஒற்றைப் பீரங்கி போதாது.

குண்டுக்கு முன்பே ஏமாற்று வேலை தொடங்க வேண்டும். ரேடார் வழிகாட்டும் ஏவுகணையைத் திசைதிருப்ப, உலோகம் பூசிய மெல்லிய இழைகளை வானில் வெடித்துப் பரப்புவார்கள். காற்றில் நகரும் அந்த மேகத்திலிருந்து விலகும்படி கப்பலும் திரும்ப வேண்டும். ஏமாந்த ஏவுகணை அதன்பின் எங்கே போகும் என்பதையும் பார்க்க வேண்டும். ஃபாக்லாந்துப் போரில், 1982 மே 25 அன்று, பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் இழைகளால் திசைமாறிய எக்ஸோசெட் என்ற கப்பல் எதிர்ப்பு ஏவுகணைதான் அட்லாண்டிக் கன்வேயர் என்ற சரக்குக் கப்பலைத் தாக்கியது.

கடைசி அரண் பேலன்க்ஸ் போன்ற விரைவுத் துப்பாக்கி. நிமிடத்துக்கு 4,500 குண்டுகள் சுடும் அதன் கொள்கலனில் இருப்பவை சுமார் 1,550. விடாமல் சுட்டால் இருபது நொடியில் தீர்ந்துவிடும். அவ்வளவு அருகில் உடைபட்ட ஏவுகணையின் சிதறல்களும் கப்பலை வந்தடையக்கூடும்.

அந்தத் துப்பாக்கி எந்நிலையில் இருக்கிறது என்பதைக் காவல் மாறும்போதெல்லாம் சரிபார்க்க வேண்டும். 1987இல் ஸ்டார்க் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை இரண்டு எக்ஸோசெட்கள் தாக்கி 37 பேர் இறந்தபோது, பேலன்க்ஸ் தானாகச் சுடும் நிலையில் இல்லை. அதை எப்போதும் தானியங்கி நிலையில் விட்டுவைப்பதும் ஆபத்து, ஏனெனில் அதே வானில் சொந்த விமானங்களும் பறக்கின்றன: 2024 டிசம்பரில் கெட்டிஸ்பர்க் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல், செங்கடலில் தன் நாட்டின் எஃப்-18 விமானத்தையே ஏவுகணையால் வீழ்த்தியது. அந்தத் தவறைச் செய்தது இயந்திரமன்று, மனிதர்கள்; மனிதர் முடிவெடுக்கும்போதே இது நேரும் என்றால், இயந்திரத்திடம் முழுதாக விட்டுவிட முடியாது.