அமெரிக்க ஓவியங்களைப் பார்க்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் 'அமெரிக்கன் விங்' என்றொரு பகுதி உண்டு, 1924இல் திறந்தது. அங்கே எல்லோரையும் இழுத்து நிறுத்தும் படம் ஒன்று: பனிக்கட்டி மிதக்கும் ஆற்றில், படகில் நின்றபடி போகும் வாஷிங்டன். கிட்டத்தட்ட ஆறரை மீட்டர் அகலம், பார்க்காமல் தாண்ட முடியாது.

அதை நேரில் கண்ட சாட்சியாக எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. அமெரிக்க விடுதலைப் போரில் வாஷிங்டனின் படை டெலவேர் ஆற்றைக் கடந்தது 1776 டிசம்பர் 25 இரவில். இமானுவேல் லாய்ட்ஸே இந்தப் படத்தை முடித்தது 1851இல், அதுவும் ஜெர்மனியில். இரவில் நடந்ததற்கு இங்கே விடியல் வெளிச்சம். படகில் இருக்கும் நட்சத்திரக் கொடி 1777இல்தான் ஏற்கப்பட்டது. படை போனது பெரிய சரக்குப் படகுகளில். படத்தில் இருப்பதோ சின்னப் படகு. சரி, ஓவியருக்கு விவரம் போதவில்லை என்று சிரித்துவிடலாமா? அதுவும் தவறுதான். 1848 புரட்சிகள் தோற்றுச் சோர்ந்துபோயிருந்த ஐரோப்பியர்களுக்குத் தெம்பூட்ட வரைந்த படம் அது. இரவை இருட்டாகவே வரைந்திருந்தால் யாருக்குத் தெம்பு வரும்?

அமெரிக்க ஓவியர் என்றால் அமெரிக்காவிலேயே பிறந்து வரைந்தவர் என்ற நினைப்பும் வேண்டாம். ஜான் சிங்கர் சார்ஜென்ட் பிறந்தது ஃபுளோரன்ஸில். 'மேடம் எக்ஸ்' படத்தை வரைந்தது பிரான்ஸில். படத்தில் நிற்கும் பெண்தான் நியூ ஆர்லியன்ஸ்காரர். இன்று அதைப் பார்க்கிறவர்கள், "இதற்கா 1884இல் அவ்வளவு ரகளை?" என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். அன்று பாரிஸ் பார்த்தது வேறு; உடையின் தோள்பட்டி ஒன்று நழுவிக் கிடந்தது. அதைத் தோளில் ஏற்றி சார்ஜென்ட் பிறகுதான் திருத்தினார். 1916இல் அவரே மியூசியத்துக்கு விற்றார்.

அமெரிக்கக் கலை வெள்ளைக்காரர்கள் குடியேறிய பிறகே தொடங்கியது என்று எண்ணுபவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மியூசியமே பூர்வகுடிகளின் கலையை வெகுகாலம் ஆப்பிரிக்கா, ஓசியானியாவோடு சேர்த்து வேறு பகுதியில்தான் வைத்திருந்தது. 2018இல்தான் டைக்கர் தம்பதி திரட்டிய பூர்வகுடிக் கலைச் சேகரிப்பு அமெரிக்கன் விங்குக்குள் காட்சிக்கு வந்தது.

அப்புறம், வண்ணங்களைச் சொட்டவிட்டு அரூப ஓவியம் வரைந்த ஜாக்சன் பொல்லாக்கை இங்கே தேடி அலையாதீர்கள். அவர் நவீனக் கலைப் பிரிவு. அந்த நேரத்தில் அமெரிக்கன் விங்கிலேயே இருக்கும் லூஸ் சென்டருக்குப் போகலாம். கண்ணாடிக்குள் நெருக்கமாக அடுக்கியிருப்பதைக் கண்டு, ஏதோ கிடங்கு என்று பலர் திரும்பிவிடுகிறார்கள். கிடங்குதான், ஆனால் நாம் பார்ப்பதற்காகவே திறந்து வைத்த கிடங்கு.