பெண்களின் உடம்பும் மனசும்: பெங்களூருத் தமிழ் வீடுகளில் நடக்கும் தவறுகள்

"மாடியேறினால் மூச்சு வாங்குது, எதிலும் பிடிப்பில்லை, சும்மா சும்மா எரிச்சல் வருது" என்று ஒரு பெண் சொன்னால் வீட்டில் பெரும்பாலும் இரண்டு பதில்தான் கிடைக்கும். ஒன்று, "எல்லாம் டென்ஷன், சரியாயிடும்." இல்லையென்றால், "சத்து பத்தலை, டானிக் குடி." இரத்தசோகை, தைராய்டு குறைவு, பி12 குறைபாடு மூன்றுமே மனச்சோர்வு மாதிரியே வெளியே தெரியும். மனச்சோர்வோ தலைவலி, முதுகுவலி, வயிற்றுக் கோளாறு என்று உடம்பு வழியாகத் தலைகாட்டும். ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதை விட்டுவிடுவதுதான் எல்லாத் தவறுக்கும் மூலம்.

டாக்டரிடம் போகும்போது தூக்கம், பசி, மாதவிடாய், மனநிலை நான்கையும் சேர்த்தே சொல்லுங்கள். சிபிசி (இரத்த அணுக்களின் கணக்கு), ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பு), டி.எஸ்.எச். (தைராய்டு குறைந்தால் ஏறும் ஹார்மோன்), பி12 ஆகிய இரத்தப் பரிசோதனைகள் தேவையா என்று கேளுங்கள். ரிப்போர்ட் எல்லாம் நார்மல் என்று வந்தால் "உனக்கு ஒண்ணுமில்லை" என்று அர்த்தமாகாது. மனசு வாடியிருப்பதும், பிடித்த காரியத்தில்கூட நாட்டமில்லாததும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதற்கும் வைத்தியம் வேண்டும்.

அடுத்தது மாத்திரை நேரம். பாதி வீடுகளில் வைத்தியம் வீணாவது இங்கேதான். காலை ஆறு மணிச் சமையலறையைப் பாருங்கள்: ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்குகிறது, பக்கத்திலேயே அடுப்புச் சூட்டில் தைராய்டு மாத்திரை பாட்டில். மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீர் ஒரு மிடறு, உடனே காபி. காபி அந்த மருந்தைக் குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. ஆறு மாதம் கழித்து டி.எஸ்.எச். குறையவில்லை என்று டோஸ் கூடுகிறது. தண்ணீரோடு போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துக் காபி குடியுங்கள். பாட்டிலைச் சூடும் வெளிச்சமும் படாத இடத்தில் வையுங்கள். டோஸ் மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் மறுபடி டெஸ்ட். முடி வளர பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடமும் லேபிலும் சொல்லிவிடுங்கள். இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பு நிறுத்தாவிட்டால் தைராய்டு ரிப்போர்ட்டே தப்பாக வரலாம்.

இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும் தைராய்டு மாத்திரையிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளியே இருக்கட்டும். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு எலுமிச்சை ஜூஸோடு இரும்பு, ராத்திரிச் சாப்பாட்டோடு கால்சியம் என்று பிரித்துக்கொள்ளலாம். வயிற்றைப் புரட்டினால் இரும்பை நிறுத்தாதீர்கள், ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஒரு டோஸ் போட்டதும் இரும்பை உள்ளே விடாமல் தடுக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் சுமார் ஒரு நாள் ஏறியே இருக்கும். அதனால் மறுநாள் போடும் மாத்திரை அவ்வளவாக உடம்பில் சேராது. மலம் கறுப்பாகப் போவது மருந்தால்தான், பயம் வேண்டாம். ஹீமோகுளோபின் 12 தொட்டதும் நிறுத்திவிடுவது இன்னொரு தவறு. உடம்பின் சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் போலத் தொடர வேண்டியிருக்கும். மாதவிடாயில் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கொரு நாப்கின் மாற்றும் அளவுக்குப் போனால், எத்தனை மாத்திரை விழுங்கினாலும் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான். முதலில் மகளிர் மருத்துவரிடம் அதற்கான காரணத்தைக் கண்டுபிடியுங்கள்.

வைட்டமின் டி 60,000 யூனிட் சாஷே வாரத்துக்கு ஒன்று, வழக்கமாக எட்டு வாரம். இதைத் தினமும் ஒன்றாகச் சாப்பிட்டு, இரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், கிட்னி பாதிப்பு வரை போகிறவர்கள் உண்டு. கிழமையைச் சாஷே மேலேயே எழுதி வையுங்கள்.

பொம்மனஹள்ளி, பீன்யா பக்கம் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகும் பெண்கள் பலர் பாத்ரூம் போக நேரமில்லை என்று தண்ணீரையே குறைத்துக்கொள்கிறார்கள். நீர்க்கடுப்பு அடிக்கடி வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மெடிக்கல் ஷாப்பில் இரண்டு ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாமல், யூரின் டெஸ்ட் செய்து முழு கோர்ஸையும் முடித்துவிடுங்கள். காய்ச்சலும் விலா ஓரத்தில் வலியும் சேர்ந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

பிரசவத்துக்கு அம்மா ஊரிலிருந்து வந்து பார்த்துக்கொள்வது பெரிய பலம். ஆனால் "பிள்ளை பெத்தவ பகலில் தூங்கக் கூடாது", "தண்ணி அதிகம் குடிக்கக் கூடாது" என்ற பத்தியம் வேண்டாம். ராத்திரி முழுக்கப் பால் கொடுத்தவளுக்குப் பகல் தூக்கம்தான் மருந்து. குழந்தையை இரண்டு மணி நேரம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் அம்மா, அதைவிடப் பெரிய உதவி இல்லை. பிரசவமான முதல் சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம், இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். அடங்கவில்லை, குழந்தை தூங்கினாலும் தாய்க்குத் தூக்கமில்லை, "நான் இருந்தென்ன" என்கிறாள் என்றால் காத்திருக்காதீர்கள். ஓசூர் ரோட்டில் இருக்கும் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயையும் சேயையும் பிரிக்காமல் ஒன்றாகவே வைத்துச் சிகிச்சை தரும் தனிப் பிரிவு 2009 முதல் இருக்கிறது. பாலூட்டும்போதும் எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகள் உண்டு.

உடற்பயிற்சியில் நடக்கும் தவறு, திங்கட்கிழமை ஒரு மணி நேரம் என்று ஆரம்பித்து வியாழனன்று மொத்தமாக விட்டுவிடுவது. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சியும், இரண்டு நாள் தசைப் பயிற்சியும் சொல்கிறது. அதைத் துண்டு துண்டாகச் செய்தாலும் கணக்குதான். நல்ல வாரத்தில் அல்சூர் ஏரிக்கரையில் அரை மணி நடை. மாதவிடாய் வலியோ நைட் ஷிஃப்டோ இருக்கும் வாரத்தில் பத்து நிமிடம் போதும். நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது பத்துத் தடவை, இரண்டு செட். நடை மட்டும் தசைக்குப் போதாது, நாற்பதைத் தாண்டியவர்கள் இதை விடவே கூடாது.

நாற்பத்தைந்தை ஒட்டி வரும் தூக்கமின்மை, திடீர் வியர்வை, படபடப்பு எல்லாவற்றையும் "வயசாச்சு" என்று பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை, இவற்றுக்குச் சிகிச்சை இருக்கிறது. பன்னிரண்டு மாதம் மாதவிடாய் நின்ற பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும், மாதவிடாய்தான் மறுபடி வந்திருக்கிறது என்று விட்டுவிடாமல் ஸ்கேன் எடுங்கள்.

கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ மனசை விளக்க வரவில்லை என்று சும்மா இருந்துவிடாதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416 இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். "டென்ஷன்" என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாமல், எத்தனை நாளாக, எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, சாப்பாடு எப்படி, சாக வேண்டும் என்ற நினைப்பு வந்ததா என்று உள்ளபடி சொல்லுங்கள்.