கோச் யார் என்று நோட்டீஸில் எப்படி எழுதுவது? வேலூர்ப் பக்கத்து தடகள கிளப்புகளுக்கு

ஏப்ரல் பிறந்தால் போதும், சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடி வரை கம்பத்துக்குக் கம்பம் சம்மர் கேம்ப் நோட்டீஸ்தான். அதில் ஒரு தடகள கிளப் நோட்டீஸை மட்டும் நின்று படித்துப் பாருங்கள். "அனுபவம் வாய்ந்த தலைசிறந்த பயிற்சியாளர்களால்" என்று ஒரு வரி, கீழே போன் நம்பர், பக்கத்தில் உசைன் போல்ட் படம். கோச் யார், எந்த ஈவென்ட் (ஓட்டமா, தாண்டுதலா, எறிதலா) செய்தவர், எங்கே படித்தார், இதுவரை யாருக்குச் சொல்லிக்கொடுத்தார் என்று ஒரு வார்த்தை இருக்காது. பிள்ளையை விடியற்காலை ஐந்தரை மணிக்கு எழுப்பி அனுப்பப் போகிற அம்மாவுக்குத் தெரிய வேண்டியது அதுதான். போல்ட்டை அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

கிளப் நடத்துகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெற்றோர் படித்தால் கிரவுண்டில் போய் என்ன கேட்கலாம் என்று தெரியும், அதுவும் நல்லதுதான்.

முதல் வேலை, கோச்சிடம் "ஒரு பயோடேட்டா அனுப்புங்க சார்" என்று கேட்காதீர்கள். அனுப்ப மாட்டார், அனுப்பினாலும் வேலைக்கு விண்ணப்பித்த பழைய பேப்பராக இருக்கும். ஒரு டீயோடு அரைமணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள், சான்றிதழ் ஃபைலைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். நம் பக்கத்து கோச்சுகளில் பாதிப் பேர் தன்னைப் பற்றி வாயே திறக்காதவர்கள், மீதிப் பேர் கேட்காமலே மூன்று மடங்கு சொல்பவர்கள். இரண்டு பேரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டால்தான் உண்மை ஓரளவுக்கு ஒரே அளவில் வரும்.

வாய் திறக்காதவர்களில் முதல் ஆள் முன்னாள் ராணுவ வீரர். கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்குப் போன ஊர்கள் இருக்கிற மாவட்டம் இது, கிரவுண்டில் விசில் ஊதுகிறவர்களில் பலர் அங்கிருந்து வந்தவர்கள்தான். "ஆர்மில இருந்தேன், ஓடுவேன்" என்பதோடு முடித்துக்கொள்வார். விடாதீர்கள். யூனிட் அளவில் ஓடினாரா, கமாண்ட் அளவிலா, சர்வீசஸ் அணிக்கே ஓடினாரா என்று கேளுங்கள். தேசியப் போட்டிகளில் முப்படைகளுக்கான சர்வீசஸ் ஒரு தனி அணி, தமிழ்நாடு அணி மாதிரியே. அதில் இடம் பிடித்தவர் என்றால் அது மாநில அணிக்குச் சமமான விஷயம், ஆனால் "முன்னாள் ராணுவ வீரர்" என்று மட்டும் போட்டால் யாருக்கும் புரியாது. உடற்பயிற்சி இன்ஸ்ட்ரக்டர் கோர்ஸ் முடித்தவரா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் பிரித்து எழுத வேண்டும். ஆள்சேர்ப்புக்குத் தயார் செய்கிறவரும் தடகள கோச்சும் ஒருவரே என்று நம் ஊரில் நினைக்கிறார்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடினால் போதும், அதற்கு ஆளைத் தயார் செய்வது ஒரு தனித் திறமை, மதிக்க வேண்டியதுதான். அதே ஆளிடம் பத்து வயதுப் பையனைக் கொடுத்து 80 மீட்டர் ஓடவோ உயரம் தாண்டவோ கற்றுக்கொடுங்கள் என்றால் அது வேறு வேலை. உங்கள் கோச் எதைச் செய்து பழகியவரோ அதை அப்படியே எழுதுங்கள்.

அடுத்து பி.டி. சார். ஓய்வுபெற்ற பி.டி. சார் ஒருவர் இல்லாத கிளப் வேலூரில் அபூர்வம். இவர்களிடம் பி.பி.எட். அல்லது எம்.பி.எட். இருக்கும். சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில் படித்தவர் என்றால் கல்லூரி பெயரைப் போடுங்கள். 1920-ல் தொடங்கியது, உடற்கல்விக்காரர்கள் மத்தியில் அந்தப் பெயருக்கு மரியாதை உண்டு. ஆனால் பி.பி.எட். என்பது எல்லா விளையாட்டையும் தொட்டுப் போகிற ஆசிரியர் படிப்பு, அதில் தடகளம் ஒரு பகுதி. அதனால் அவருடைய சொந்த ஈவென்ட் எது, குறுவட்டத்தில் தொடங்கி மாநிலப் போட்டி வரைக்கும் எந்த ஈவென்ட்டில் பிள்ளைகளைக் கொண்டுபோனார் என்று கேளுங்கள். இவர்கள் சொல்ல மறக்கிற இன்னொரு தகுதி, போட்டி நடத்திய அனுபவம். ஸ்டார்ட்டராகவோ தாண்டுதல் நடுவராகவோ பல வருடம் நின்றவருக்கு விதிமுறை அத்துப்படி. அது நோட்டீஸில் ஒரு வரிக்குத் தகும்.

பழைய ஆட்கள் "வட ஆற்காடு மாவட்ட சாம்பியன்" என்று சொன்னால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். 1989-ல் திருவண்ணாமலை பிரிவதற்கு முன் அந்த மாவட்டம் எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள். 2019-ல் மறுபடியும் பிரித்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் தனித்தனி மாவட்டம் ஆகிவிட்டன. அதனால் மாவட்ட முதலிடம் என்று எழுதும்போது வருடத்தையும் சேர்த்து எழுதினால்தான் எவ்வளவு பேரோடு ஓடி ஜெயித்தார் என்பது தெரியும்.

இப்போது என்.ஐ.எஸ். அதிகமாகக் குழப்பம் நடக்கிற இடம் இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பாட்டியாலாவில் 1961-ல் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனம் பயிற்சியாளர் படிப்புகளை நடத்துகிறது. அதில் ஏறக்குறைய ஒரு வருடம் தங்கிப் படிக்கிற டிப்ளமா ஒன்று, ஆறு வார சான்றிதழ் படிப்பு ஒன்று. இரண்டையும் முடித்தவர்கள் "நான் என்.ஐ.எஸ்." என்றுதான் சொல்வார்கள். பொய் இல்லை, ஆனால் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். நோட்டீஸில் "என்.ஐ.எஸ். டிப்ளமா" அல்லது "என்.ஐ.எஸ். ஆறு வார சான்றிதழ்" என்று முழுசாகப் போடுங்கள், வருடமும் போடுங்கள். அப்புறம் எந்த விளையாட்டில் என்று பாருங்கள், ஏனென்றால் ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனி டிப்ளமா. கபடியில் டிப்ளமா வாங்கியவர் ஈட்டி எறிதல் சொல்லிக்கொடுத்தால் அவரை என்.ஐ.எஸ். தடகள கோச் என்று எழுதக்கூடாது.

லெவல் ஒன், லெவல் டூ என்று சொல்வது உலகத் தடகள அமைப்பின் பயிற்சியாளர் படிப்பு. அந்த அமைப்பின் பெயர் 2019 வரை ஐ.ஏ.ஏ.எஃப்., அதற்கப்புறம் வேர்ல்ட் அத்லெடிக்ஸ். 2022-ல் வாங்கியதாகச் சொல்கிற சான்றிதழில் பழைய பெயரும் பழைய முத்திரையும் இருந்தால் இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். 2025-ல் இந்தியத் தடகளக் கூட்டமைப்பு, டிப்ளமா இருக்கிறவர் இல்லாதவர் எல்லா கோச்சுகளும் தன்னிடம் பதிவு செய்ய வேண்டும் என்று அறிவித்தது. உங்கள் கோச் பதிவு செய்துவிட்டாரா என்று கேட்டு, செய்திருந்தால் அதையும் எழுதுங்கள். செய்யவில்லை என்றால் நோட்டீஸ் அடிக்கும் முன் அந்த வேலையை முடிக்கச் சொல்லுங்கள்.

கோச் தானே ஓடிய கணக்கை எழுதும்போது "தேசிய வீரர்" என்ற சொல்லை மறந்துவிடுங்கள். எந்தப் போட்டி, எந்த வருடம், எந்த ஈவென்ட், எத்தனையாவது இடம், என்ன நேரம் அல்லது தூரம். இந்த ஐந்தும் தெரிந்தால் எழுதுங்கள், தெரியாவிட்டால் தெரிந்த அளவுக்கு மட்டும். நேரம் எழுதினால் கையால் ஸ்டாப்வாட்சில் எடுத்ததா எலக்ட்ரானிக்கா என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். 100 மீட்டரில் கை நேரத்தை எலக்ட்ரானிக்கோடு ஒப்பிட வழக்கமாக 0.24 விநாடி கூட்டுவார்கள். கை நேரம் 10.8 என்பவர் எலக்ட்ரானிக் கணக்கில் ஏறக்குறைய 11.04 ஓடியவர், இது விவரம் தெரிந்த பெற்றோர் முதலில் பிடிக்கிற இடம். கோவா, நேபாளம் என்று போய் வாங்கி வந்த பதக்கங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. காசு கட்டினால் யாரும் கலந்துகொள்ளலாம் என்கிற "இன்டர்நேஷனல்" போட்டிகள் நிறைய இருக்கின்றன. மாநிலத் தடகளச் சங்கம், இந்தியக் கூட்டமைப்பு, பள்ளிக் கல்வித் துறை, பல்கலைக்கழகம் இவற்றின் வழியாக வராத பதக்கத்தை நோட்டீஸில் ஏற்றாதீர்கள். கோச் கோபித்துக்கொண்டால் கொள்ளட்டும்.

பதக்கமே இல்லாத கோச்சா? அதற்காகக் கூச்சப்படத் தேவையில்லை. பி.டி. உஷாவை உருவாக்கிய ஓ.எம். நம்பியார் விமானப்படையில் இருந்தவர், இந்திய அணிக்கு ஓடும் வாய்ப்பே அவருக்குக் கிடைக்கவில்லை. பாட்டியாலாவில் டிப்ளமா முடித்து கேரளாவில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போனார். 1985-ல் துரோணாச்சார்யா விருது தொடங்கியபோது முதல் பட்டியலிலேயே அவர் பெயர் இருந்தது. நீளம் தாண்டுதல் வீராங்கனை அஞ்சு பாபி ஜார்ஜின் கோச்சான அவர் கணவர் ராபர்ட் பாபி ஜார்ஜ் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவர், மும்முறை தாண்டுதல் (டிரிபிள் ஜம்ப்) வீரர். 2003 பாரிஸ் உலகப் போட்டியில் அஞ்சு 6.70 மீட்டர் தாண்டி வெண்கலம் வாங்கியது அவர் பயிற்சியில்தான். நம் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014-லும் 2018-லும் காமன்வெல்த்தில் 77 கிலோ பிரிவில் தங்கம் தூக்கினார், அவருடைய அப்பாவும் ராணுவத்தில் இருந்த பளுதூக்கும் வீரர். எந்தச் சான்றிதழிலும் வராத பின்னணி இதெல்லாம். உங்கள் கோச்சுக்கும் அப்படி ஏதாவது இருக்கும், கேட்டால்தான் வரும்.

மாணவர்கள் பட்டியலில்தான் சண்டை வரும். ஒரு பெண் மாநிலத்தில் ஜெயித்தால் அவளுக்கு இரண்டு மாதம் சொல்லிக்கொடுத்தவர், பள்ளி பி.டி. டீச்சர், விடுதி கோச் என்று எல்லா நோட்டீஸிலும் அவள் படம் ஏறிவிடும். நீங்கள் வருடத்தோடு எழுதுங்கள்: "2018 முதல் 2021 வரை எங்களிடம் பயின்றார்". ஜெயித்தது அதற்கப்புறம் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், ஒன்றும் குறைந்துபோகாது. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் பெயரையும் படத்தையும் போட பெற்றோரிடம் எழுதி வாங்குங்கள். பள்ளி, பிறந்த தேதி, வீட்டு ஏரியா எதுவும் வேண்டாம். என்னைக் கேட்டால் ஜெயித்த நாலு பேரை விட, பன்னிரண்டு வயதில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பதினாறிலும் காயம் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் கோச்சின் உண்மையான மார்க்கு. எந்த நோட்டீஸிலும் இதை நான் பார்த்ததில்லை. எண்ணிப் பார்த்து எழுதினால் நீங்கள்தான் முதல் ஆள்.

இனி விளையாட்டில்லாத விஷயம். 2021-ல் சென்னையில் பல வருடம் பேரோடு இருந்த ஒரு தடகள கோச் போக்சோ சட்டத்தில் கைதானார். அவருடைய தகுதிப் பட்டியலில் எந்தக் குறையும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் பின்னணி என்றால் பதக்கமும் டிப்ளமாவும் மட்டும் என்று நினைத்துவிடக்கூடாது. தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் சரிபார்ப்புச் சான்று வாங்கலாம், வாங்கியிருந்தால் மாதம், வருடத்தோடு எழுதுங்கள். வாங்காமலே "முழுமையாகச் சரிபார்க்கப்பட்டவர்" என்று போடுவது ஏமாற்று வேலை. முன்பு சொல்லிக்கொடுத்த பள்ளிக்கோ கிளப்புக்கோ போன் போட்டு ஏன் விட்டார் என்று கேளுங்கள், நேரடியாகவே கேளுங்கள். நோட்டீஸின் கீழே கிரவுண்டில் எப்போதும் இருக்கிற பெண் யார், கிளப்பில் யாரிடம் புகார் சொல்லலாம், குழந்தைகள் உதவி எண் 1098, இந்த மூன்றும் இருக்கட்டும்.

ஊக்கமருந்துத் தடுப்பு ஏஜென்சியான நாடா தண்டித்தவர்களின் விவரத்தை வெளியிடுகிறது, கோச் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தடை விதிக்கப்பட்ட கோச்சோடு தெரிந்தே பயிற்சி செய்தால் மாணவனும் மாட்டுவான், விதியே அப்படி. "ரெண்டு வயசு கம்மி பண்ணிக்கலாம்" என்று பேசுகிற கோச்சையும் அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். எலும்பு வயதுப் பரிசோதனையில் பிடிபட்டால் தடை பிள்ளைக்குத்தான் வரும்.

எல்லாம் கேட்டு முடித்தபின் எழுதுவது சுலபம். ஒரு மாதிரி இதோ, கற்பனையான கோச்தான்:

"தாண்டுதல் ஈவென்ட்டுகளைப் பார்த்துக்கொள்கிறார். பி.பி.எட்., என்.ஐ.எஸ். ஆறு வார சான்றிதழ் (தடகளம், 2014). கல்லூரியில் மும்முறை தாண்டுதல் வீரர், 2009 பல்கலைக்கழகப் போட்டியில் நான்காம் இடம். பத்து வருடம் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். முதலுதவிப் பயிற்சி 2023-ல் முடித்தார். எறிதல் ஈவென்ட் சொல்லித்தருவதில்லை."

கடைசி வரியைக் கவனியுங்கள். என்ன தெரியாது என்று சொல்கிற கிளப்பை நம் ஊர் அம்மாக்கள் சட்டென்று நம்புவார்கள். சாதி, மதம், சொந்த ஊர்ப் பெருமை, வீட்டு முகவரி, தனிப்பட்ட போன் நம்பர் எதுவும் வேண்டாம், கிளப் நம்பர் ஒன்று போதும். கோச்சை "சார்", "மேடம்" என்று அழைக்கிறார்களா "அண்ணா", "அக்கா" என்றா, அதைக்கூட எழுதலாம், புதிதாக வருகிற பிள்ளைக்கு முதல் நாள் பயம் கொஞ்சம் குறையும்.

அடிக்கும் முன் கோச்சிடமே படித்துக் காட்டி ஒரு பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். வருடத்துக்கு ஒருமுறை, ஜூனில் பள்ளி திறக்கும்போது, திருத்துங்கள். கோச் கிளப்பை விட்டுப் போனால் அன்று மாலைக்குள் அவர் பெயரை எடுத்துவிட்டு, வாட்ஸ்அப் குரூப்பில் பெற்றோருக்கும் சொல்லிவிடுங்கள்.