கோவா, கோவாவிலிருந்து வந்ததா?

பத்து மணித் தேத்தண்ணிக்கு எங்கள் கந்தோரில் நாலு பேர் கூடினால், அரசியல் முடிந்த கையோடு யாராவது ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்வார்கள். போன கிழமை பிடிபட்டது கோவா, அதாவது முட்டைக்கோசு. "அண்ணை, இந்தியாவில இருக்கிற கோவாவில இருந்துதான் முதல்ல இது வந்தது. அதுதான் அந்தப் பேர்" என்றார் ஒரு தம்பி. கோவா வறையைச் சாப்பிட்டு வளர்ந்த நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். உண்மையில் அந்த மரக்கறிக்குப் போர்த்துக்கேயர் சொன்ன பெயர் 'கோவெ'. ஊருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கதை கச்சிதமாக இருந்தால் அங்கேதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

நியூஸ் என்ற சொல்லுக்கும் இப்படியொரு கதை உண்டு. நோர்த், ஈஸ்ட், வெஸ்ட், சவுத் என்ற நாலு திசைகளின் முதலெழுத்தாம். அது 'புதியவை' என்ற பொருளில் நியூ என்பதிலிருந்து வந்தது, அவ்வளவுதான். முதலெழுத்துகளைக் கோத்துச் சொல் செய்யும் பழக்கம் பரவியது 20ஆம் நூற்றாண்டில். நியூஸ் அதற்குப் பல நூற்றாண்டு மூத்தது.

அடுத்தது காதை நம்புவது. எட்டு, எயிட் இரண்டும் ஒன்றுபோல் கேட்கின்றன, ஆகவே ஆங்கிலேயர் எங்களிடம் எடுத்துவிட்டார்கள் என்று ஒருவர் மேசையில் தட்டிச் சொன்னார். சொல்லைத் தனியே பார்க்காமல் அதன் சகோதரங்களையும் கூப்பிட்டுப் பாருங்கள். எண்பது, எண்ணூறு. அங்கே 'ட்' எங்கே போனது? தமிழில் அடி 'எண்'. எயிட்டின் எழுத்தில் பேசாமல் நிற்கிற ஜி, எச் இரண்டும் ஒரு காலத்தில் தொண்டையில் ஒலித்தவை. ஜெர்மனியில் இருக்கும் மாமாவைக் கேட்டால் இன்றைக்கும் 'அஹ்ட்' என்பார். பின்னோக்கிப் போகப் போக இரண்டும் விலகுகின்றன.

அதற்காகத் தமிழிலிருந்து எதுவும் போகவில்லை என்று சொல்வதும் பிழை. கட்டுமரமும் சுருட்டும் ஆங்கிலத்துக்குப் போனவைதான். காசு கொஞ்சம் சிக்கல். ஆங்கிலத்தில் 'கேஷ்' என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஆசியாவின் சில்லறை நாணயத்தைக் குறிப்பது எங்கள் காசிலிருந்து போர்த்துக்கேயர் வழியாகப் போனது. வங்கியில் எண்ணித் தருகிற கேஷ், பெட்டியைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த வேறொன்று. எங்கள் காசாளர் இதை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

பிறமொழிச் சொல் என்றாலே ஆங்கிலம் என்று நினைப்பது இன்னொரு வழக்கம். யாழ்ப்பாணம் 1619இல் போர்த்துக்கேயரிடமும் 1658இல் ஒல்லாந்தரிடமும் போய், 1795இல்தான் ஆங்கிலேயரிடம் வந்தது. கதிரை, மேசை, வாங்கு, யன்னல், அலுமாரி, குசினி, சப்பாத்து எல்லாம் போர்த்துக்கேயம். லாச்சி, நொத்தாரிசு, நாங்கள் இருந்து கதைக்கிற இந்தக் கந்தோர் எல்லாம் ஒல்லாந்தம். வீட்டுச் சாமான் ஒருவரிடமிருந்து, கடுதாசி வேலை மற்றவரிடமிருந்து என்று பிரிக்க ஆசை வரும். ஆனால் கோப்பியும் போஞ்சியும் ஒல்லாந்தம்தான்.

கதிரை என்றால் கதிர்காமத்துக்கும் பழைய பெயர். கதிரைவேலன் கதிரையில் இருப்பவன் இல்லை. ஒரே எழுத்து என்பதால் ஒரே சொல் ஆகிவிடாது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, புதிதாக வந்த தம்பி இனிமேல் கதிரை என்று சொல்ல மாட்டேன், நாற்காலி என்றுதான் சொல்வேன் என்று சபதம் எடுத்தார். சரி, எடுக்கட்டும். நானூறு வருசம் புழங்கிய சொல்லை வீட்டைவிட்டு அனுப்புவது வீண் வேலை என்பது என் எண்ணம். அதைவிட, அவர் சுழன்று சுழன்று சபதம் எடுத்த அந்தக் கதிரைக்கு ஐந்து கால்.